எந்தச் செல் சுரக்கிறது என்பதையும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில் ஸ்பார்க் என்ற புரதத்தைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். இப்படி ஒரு விஷயத்துக்குத் தமிழில் இரண்டு பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. ஆனால் அதைப் 'புற்றுநோயைப் பரப்பும் வில்லன்' என்று தலைப்பிட்டது சரியில்லை. கட்டியில் அது எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தாலே எந்த மருந்து கேட்கும் என்று தெரிந்துவிடும் என முடித்தது அதைவிடச் சரியில்லை. இதழ் வந்த அன்று மாலையே என் அண்ணி போன் செய்தார். "தம்பி, இதுக்கு டெஸ்ட் இருக்காமே. உங்க அண்ணனுக்கு நாம அப்பவே பார்த்திருக்கலாமோ?" என்று கேட்டார். அண்ணன் கணையப் புற்றுநோயில் போய் மூன்று வருடம் ஆகிறது.

நான் நோய்க்குறியியல் ஆய்வகத்தில் 28 வருடம் டெக்னீஷியனாக இருந்தவன். பயாப்சித் துண்டை மெழுகில் பதித்து, மைக்ரோடோமில் மெல்லிசாகச் சீவி, ஸ்லைடில் ஏற்றிச் சாயம் போடுவது என் வேலை. நல்ல கணையம் தொட்டால் மெத்தென்று இருக்கும். புற்று வந்த கணையம் வெளிறி, கெட்டியாக, நறநறவென்று கத்தியில் பிடிக்கும். ஸ்லைடில் பார்த்தால் பெரும்பகுதி இளஞ்சிவப்பு நார்தான். புற்றுச் செல்கள் அதற்குள் சின்னச் சின்னத் தீவுகளாகத்தான் கிடக்கும். ஸ்பார்க்கைப் பற்றிப் பேசுவதென்றால் இந்த நாரிலிருந்துதான் தொடங்க வேண்டும். உங்கள் கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை.

இந்தப் புரதம் முதலில் புற்றுநோயில் கண்டுபிடிக்கப்பட்டது அல்ல. 1981இல் அமெரிக்காவில் எலும்பை ஆராய்ந்தவர்கள்தான் இதைக் கண்டார்கள். கொலாஜன் என்ற நார்ப்புரதத்தோடும் சுண்ணாம்புச் சத்தோடும் ஒட்டிக்கொள்வதால் ஆஸ்டியோநெக்டின் என்று பெயர் வைத்தார்கள். செல்களுக்கு வெளியே இருக்கும் கொலாஜன் உடம்பைத் தாங்கி நிற்கிறது. ஸ்பார்க் எதையும் தாங்குவதில்லை. செல்லுக்கும் நாருக்கும் நடுவே போய், செல் எங்கே ஒட்ட வேண்டும், எப்போது விட வேண்டும், நார் எப்படிப் பின்னப்பட வேண்டும் என்பதையெல்லாம் மாற்றிவிடுகிறது. இப்படிப்பட்ட புரதங்களுக்கு 1995இல் பால் போர்ன்ஸ்டைன் என்ற விஞ்ஞானி மேட்ரிசெல்லுலார் புரதங்கள் என்று பொதுப்பெயர் கொடுத்தார். குழந்தை விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டால் புண் ஆறும் இடத்தில் ஸ்பார்க் கூடும். ஆறி முடிந்ததும் அடங்கிவிடும்.

இது இல்லாமலே எலிகளை வளர்த்துப் பார்த்திருக்கிறார்கள். அவற்றுக்குச் சீக்கிரமே கண்ணில் புரை விழுந்தது, எலும்பு மெலிந்தது, தோலில் கொலாஜன் இழைகள் சன்னமாகிப்போயின. மனிதர்களிலும் இந்த மரபணு பழுதான இரண்டு சிறுமிகளைப் பற்றி 2015இல் எழுதினார்கள். இருவருக்கும் எலும்பு சுலபமாக முறியும் நோய். வில்லன் என்று நீங்கள் எழுதிய புரதம் சரியாக வேலை செய்யாமல்தான் அந்தப் பிள்ளைகள் அவதிப்பட்டார்கள்.

சரி, புற்றுநோய்க்கு வருவோம். கட்டுரையில் இருந்த மெலனோமா விஷயம் உண்மைதான். அந்தத் தோல் புற்றுச் செல்களில் ஸ்பார்க்கைக் குறைத்தபோது எலிகளில் கட்டி உண்டாகவில்லை. ஆனால் சூலகப் புற்றுச் செல்களில் நேர்மாறு. அங்கே அது குறைந்துபோயிருக்கிறது. திருப்பிக் கொடுத்தால் வளர்ச்சி மந்தமாகிறது. ஸ்பார்க் இல்லாத எலிகளின் உடலில் நுரையீரல் புற்றுச் செல்களை வைத்தபோது கட்டி அடங்கவில்லை, வேகமாக வளர்ந்தது. கட்டியைச் சுற்றி வேலி மாதிரி கட்ட வேண்டிய கொலாஜன் அங்கே சரியாக அமையவில்லை. 'தடுத்துவிட்டால் போதும்' என்று எழுதும் முன் இதை யோசிக்க வேண்டாமா?

கணையத்தில் நிலைமை இன்னும் சிக்கல். அங்கே புற்றுச் செல்கள் பெரும்பாலும் ஸ்பார்க் மரபணுவை அணைத்து வைத்திருக்கின்றன. சுரப்பவை பக்கத்தில் இருக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள், அதாவது நார் நெய்யும் சாதாரணச் செல்கள். அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களை வைத்து 2007இல் வந்த ஆய்வில், கட்டியைச் சுற்றிய நாரில் ஸ்பார்க் இருந்தவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் அதைவிடக் குறைவாகவும் பாதிப் பேர் அதிகமாகவும் வாழ்ந்த காலம்) 15 மாதம், இல்லாதவர்களுக்கு 30 மாதம். புற்றுச் செல்லுக்குள் அது இருந்ததா இல்லையா என்பதால் அப்படி வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. ஒரே கட்டி, ஒரே புரதம், எந்தச் செல்லில் இருக்கிறது என்பதில்தான் எல்லாம்.

அப்புறம் அந்த மருந்து. நாப்-பேக்லிடாக்சல் என்ற கீமோ மருந்து. அண்ணனுக்கும் அதுதான் ஏற்றினார்கள். மற்ற டிரிப் எல்லாம் தண்ணீர் மாதிரி இருக்கும். இது மட்டும் பால் மாதிரி வெள்ளையாகத் தொங்கும். மருந்தை அல்புமின் என்ற ரத்தப் புரதத்தோடு சேர்த்திருப்பதால் அந்த நிறம். அரைமணி நேரம் அது சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். ஸ்பார்க் அல்புமினைப் பிடித்து மருந்தைக் கட்டிக்குள் இழுக்கும் என்பது அப்போதைய நம்பிக்கை. 2011இல் வந்த ஒரு சிறிய ஆய்வில் ஸ்பார்க் அதிகம் இருந்தவர்கள் 17.8 மாதமும் குறைவாக இருந்தவர்கள் 8.1 மாதமும் வாழ்ந்ததாகக் கணக்கு வந்தது. உங்கள் கட்டுரை அங்கேயே நின்றுவிட்டது. 861 நோயாளிகளை வைத்து நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2013இல் வந்தது. மருந்து பலன் தந்தது உண்மை: இடைநிலை ஆயுள் 6.7 மாதத்திலிருந்து 8.5 ஆனது. ஆனால் அதே ஆய்வின் திசுக்களில் ஸ்பார்க்கை அளந்து பார்த்து 2015இல் வெளியிட்டார்கள். அளவுக்கும் ஆயுளுக்கும் தொடர்பு தெரியவில்லை. யாருக்கு மருந்து கேட்கும் என்றும் அதைக் கொண்டு சொல்ல முடியவில்லை.

நம்பிக்கை பிறந்தபோது எல்லாரும் எழுதுகிறார்கள். அது பொய்த்தபோது நம் பத்திரிகைகளில் ஒரு மூலையில் கூட வருவதில்லை. நோயாளி வீட்டார் பழைய செய்தியைக் கத்தரித்து வைத்துக்கொண்டு டாக்டரிடம் போய் நிற்பதை வேலைக் காலத்தில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

அடுத்த இதழில் ஒரு சிறு குறிப்பாவது போடுங்கள். அந்த டெஸ்ட்டைப் பார்த்திருந்தாலும் அண்ணனுக்குக் கொடுத்த மருந்து மாறியிருக்காது என்று அண்ணியிடம் போனில் சொன்னேன். தன்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறேன் என்றுதான் அவர் நினைத்துக்கொண்டார். 20 வருடமாக உங்கள் இதழை வாங்குகிறவர் அவர். அதில் அச்சில் பார்த்தால் நம்புவார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வகப் பணியாளர்,
திருச்சி