அக்காவுக்கு: ஃபிளாஷ் வாங்கிவிட்டேன்

அக்கா,

ஃபிளாஷ் வாங்கிவிட்டேன். நேற்று வந்தது. நாளையோடு அம்மா போய் ஒரு வருடம் என்பதை மனதில் வைத்து வாங்கவில்லை. பெட்டியைப் பிரித்துவிட்டுத் தேதியைப் பார்த்தபோதுதான் உறைத்தது. நீ நம்பமாட்டாய். சரி, நம்பாதே.

ஃபோனிலேயே சொல்லியிருக்கலாம். ஆரம்பித்தால் நீ குறுக்கே பேசுவாய், நான் சத்தம் போடுவேன், அத்தான் ஃபோனை வாங்கி "என்னப்பா ஆச்சு?" என்பார். அதனால்தான் எழுத்து. பொதுவில் எழுதுவதை நாலு பேர் படிப்பார்கள், அதில் இரண்டு பேர் நம் சொந்தக்காரர்கள். ஆகவே அம்மாவின் அந்தப் பிறந்தநாளுக்கு நீ ஏன் வரவில்லை என்ற பேச்சை இங்கே எடுக்கமாட்டேன். மற்ற இரண்டு பேர் முதல் ஃபிளாஷ் எதை வாங்கலாம் என்று தேடி வந்தவர்களாக இருப்பார்கள். அவர்களும் வெறுங்கையோடு போக வேண்டாம்.

உன் பேச்சைக் கேட்டுத்தான் இத்தனை நாள் வாங்காமல் இருந்தேன். "ஃபிளாஷ் போட்டா படம் செத்துடும்டா, இருக்கிற வெளிச்சத்துல எடுக்கப் பழகு" என்றாய். கேமராவை என் கையில் கொடுத்தவள் நீ, அதனால் வேதவாக்கு. நீ சொன்னது முழுப் பொய்யும் இல்லை. கேமராவின் தலையிலிருந்து எழும்புகிற அந்தக் குட்டி ஃபிளாஷைப் பற்றி நீ சொன்ன எல்லாமே சரி. லென்ஸுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு நேராக மூஞ்சியில் அடிக்கும். நெற்றி பளபளக்கும், மூக்கு தட்டையாகும், பின்சுவரில் கறுப்பாக ஒரு நிழல் ஒட்டிக்கொள்ளும். வெளிச்சம் விழித்திரையில் பட்டு அப்படியே லென்ஸுக்குத் திரும்புவதால் கண் சிவக்கும். அம்மாவோ எல்லாப் படத்திலும் கண்ணை மூடியிருப்பாள். அம்மாவுக்கு ஃபிளாஷ் ஆகாது என்று நீதான் தீர்ப்பு எழுதினாய்.

அப்புறம் அந்தப் பார்சல். நீ வருவாய் என்று அம்மா காலையிலிருந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உனக்குப் பதில் ஒரு 50 மி.மீ. லென்ஸ் வந்தது, அப்பர்ச்சர் 1.8, அதாவது துவாரம் அகலமாகத் திறந்து நிறைய வெளிச்சத்தை வாங்குகிற வகை. "இனி ஃபிளாஷே தேவைப்படாது" என்று சீட்டில் எழுதியிருந்தாய். லென்ஸ் நல்ல லென்ஸ், அதில் எனக்குப் புகார் இல்லை. எழுபது வயது ஆகிறவளைப் பார்க்க வருவதற்கு ஒரு லென்ஸ் ஈடாகுமா என்று அன்றைக்கு நினைத்தேன். பேச்சை எடுக்கமாட்டேன் என்றேன், எடுத்துவிட்டேன். இருக்கட்டும்.

அன்று ராத்திரி ஹாலில் அந்த ஒற்றை விளக்குதான். அம்மா அவள் நாற்காலியில். பாப்பா கைப்பிடியில் ஏறி உட்கார்ந்து அம்மா காதில் எதையோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று இன்றுவரை தெரியாது, கேட்டால் அவளுக்கும் ஞாபகமில்லை. சொல்லிவிட்டு என் பக்கம் முன்னால் சாய்ந்தாள். அம்மா சிரித்தாள். கை வாய்க்குப் போகவில்லை, அக்கா. அந்தப் பல் விழுந்த பிறகு கையை மறந்து அவள் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அழுத்தினேன். ஒரே ஒரு படம். அடுத்ததற்குள் கை மேலே போய்விட்டது.

கேமராவின் பின்பக்கத் திரையில் பார்த்தேன், அருமையாக இருந்தது. அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, திரையை மூக்குக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, "நல்லாத்தான் இருக்கேன்ல?" என்றாள். ரொம்ப நல்லா இருக்கே என்றேன். அவளிடம் நான் சொன்னது பொய்யாகாது, அந்தச் சின்னத் திரையில் எல்லாமே நன்றாகத்தான் இருந்தது.

நடுராத்திரிக்கு மேல் கம்ப்யூட்டரில் திறந்தேன். பாப்பாவின் இமைமுடியை ஒவ்வொன்றாக எண்ணலாம். அவளுக்குப் பின்னால் அம்மாவின் முகம், நனைந்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கிற மாதிரி.

ஏன் அப்படி ஆனது என்று உனக்கு விளக்க வேண்டியதில்லை. தேடி வந்த அந்த இரண்டு பேருக்காகச் சொல்கிறேன். நம்முடையது போன்ற சின்ன சென்சார் கேமராவில், 50 மி.மீ. லென்ஸை 1.8-இல் வைத்து இரண்டு மீட்டரில் நிற்பவரை எடுத்தால், முன்னும் பின்னுமாகச் சேர்த்து அரைச் சாண் அளவுக்குத்தான் படம் தெளிவாக விழும். பாப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவே முக்கால் சாணாவது இருந்தது. 5.6-இல் வைத்திருந்தால் தெளிவின் ஆழம் ஒன்றரைச் சாணுக்கு மேல், அம்மாவும் உள்ளே வந்திருப்பாள். ஆனால் எண் கூடினால் துவாரம் சுருங்கும், 1.8-இலிருந்து 5.6-க்குப் போனால் லென்ஸுக்குள் வருகிற வெளிச்சம் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்காகிவிடும். அதை ஈடுகட்ட ஐ.எஸ்.ஓ.-வை, அதாவது வெளிச்சத்தை கேமரா உணர்கிற அளவை, ஏற்ற வேண்டும். நான் ஏற்கெனவே ஐ.எஸ்.ஓ. 1600-இல் இருந்தேன். 16,000-க்குப் போக வேண்டும். போனால் அம்மா முகமெல்லாம் மணல்.

ஆக, ஒருவரை மட்டும் எடுப்பதாக இருந்தால் 1.8 போதும். குடும்பத்தை எடுக்க வெளிச்சம் வேண்டும். அந்த வெளிச்சத்தைத்தான் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தாய்.

சரி, பழியை முழுக்க உன் தலையில் போடுவது நியாயமில்லை. சக்கரத்தை 1.8-இல் நிறுத்தியது என் விரல். 1.8 லென்ஸை 4-இல் வைத்து எடுத்தால் காசு வீண் என்று நினைத்த புது ஆள் நான். நாற்காலியை விளக்குக்கு அடியில் இழுத்துப் போட்டிருக்கலாம். அந்தக் குட்டி ஃபிளாஷையாவது எழுப்பியிருக்கலாம். தட்டையாக, நெற்றி பளபளக்க, அம்மா தெளிவாக இருந்திருப்பாள். நீ பார்த்தால் சிரிப்பாயே என்றுதான் எழுப்பவில்லை. அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு என் கையைப் பிடித்திருக்கிறாய், பார்.

எல்லாம் முடிந்து ஒரு வாரம் கழித்து நீ கேட்டாய்: "அம்மா சிரிக்கிற மாதிரி ஒண்ணு எடுத்தேன்னியே, அனுப்புடா." அது சரியா வரல, அன்னிக்கே அழிச்சிட்டேன் என்றேன்.

அழிக்கவில்லை. மன்னித்துவிடு. இதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றினேன். உன் லென்ஸில் எடுத்தது கெட்டுவிட்டது என்று சொன்னால் உனக்கு வலிக்கும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதி நல்ல காரணம் இல்லை. அன்றைக்கு வராதவளுக்கு அந்தச் சிரிப்பு எதற்கு என்று இருந்தது. சொந்தக்காரர்கள் படிக்கிற இடத்தில் இதற்கு மேல் வேண்டாம்.

ஃபிளாஷுக்கு வருகிறேன்.

ஆறு மாதம் முன்பு ஒன்று வாங்கி ஏமாந்ததை உனக்குச் சொல்லவில்லை. பழைய ஃபிளாஷ், கைமாறி வந்தது. தலை மேலே மட்டும் நிமிரும், பக்கவாட்டில் திரும்பாது. கேமராவைப் படுக்கையாகப் பிடிக்கும்வரை பிரச்சினை இல்லை, வெளிச்சம் கூரைக்குப் போய்த் திரும்பி மெத்தென்று விழும். ஒற்றை ஆளை எடுக்க நட்டமாகப் பிடித்தேனோ இல்லையோ, அதே வெளிச்சம் பக்கத்துச் சுவருக்குப் போயிற்று. நம் ஹால் சுவருக்கு அந்தப் பச்சையை அடிக்கச் சொன்னது யார்? பாப்பாவின் ஒரு கன்னம் பச்சை. மோதும் இடத்தின் நிறத்தை வெளிச்சம் வாரிக்கொண்டுதான் வரும். நல்லவேளை, கூரைக்கும் நிறம் சொல்லாமல் விட்டாய்.

அதனால் இந்த முறை முதலில் பார்த்தது, தலை நிமிரவும் வேண்டும், திரும்பவும் வேண்டும் என்பதைத்தான். மற்றதெல்லாம் இதற்குப் பிறகு. ஃபிளாஷ் என்ற பெட்டியை வாங்குகிறோம் என்று நினைக்கிறோம், உண்மையில் கூரையை விளக்காக மாற்றுகிற ஒரு கருவியை வாங்குகிறோம்.

அடுத்தது பலம். பெட்டியின் மேல் கைடு நம்பர் 60 என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அதை அப்பர்ச்சர் எண்ணால் வகுத்தால் வெளிச்சம் எட்டும் தூரம் மீட்டரில் வரும். அது வெளிச்சத்தை 200 மி.மீ. லென்ஸுக்கு ஏற்ற அளவுக்குக் குவித்து, ஐ.எஸ்.ஓ. 100-இல் அளந்த கணக்கு. வீட்டுக்குள் நாம் இருக்கிற 35 மி.மீ. பக்கம் அது 30-க்கு இறங்குகிறது என்றே வைத்துக்கொள். ஐ.எஸ்.ஓ. 400 வைத்தால் இரண்டு மடங்கு, 60. அதை 5.6-ஆல் வகுத்தால் பத்து மீட்டருக்கு மேல். கூரையில் மோதுவதில் வெளிச்சம் கால் பங்காகும், அதனால் தூரம் பாதி, ஐந்து சொச்சம். கேமராவிலிருந்து கூரைக்குப் போய் நாற்காலிக்கு இறங்கும் வழி நாலு மீட்டர்தான். குட்டி ஃபிளாஷின் எண் பெரும்பாலும் 12 பக்கம் இருக்கும், அது கூரையைப் பார்க்கவும் செய்யாது. இந்தக் கணக்கை அன்றைக்கே ஒரு தாளில் போட்டிருந்தால்! மூன்று வரிதானே.

வாங்கியது கோடாக்ஸ் டிடி685. பெயருக்குப் பின்னால் வரும் எழுத்தைப் பார்த்து வாங்க வேண்டும்: கேனானுக்கு சி, நிக்கானுக்கு என், சோனிக்கு எஸ். மாற்றி வாங்கினால் கேமரா அதனுடன் பேசாது. டி.டி.எல். உண்டு, அதாவது படத்துக்கு ஒரு கணம் முன்னால் சின்னதாக ஒரு மினுக்கு அடித்து, லென்ஸ் வழியாகவே அளந்து, வேண்டிய வெளிச்சத்தைத் தானே முடிவு செய்யும். டிடி600 போன்ற மேனுவல் ஃபிளாஷ் விலை குறைவுதான். ஆனால் ஓடுகிற குழந்தைக்குப் பின்னால் அளவைத் திருகிக்கொண்டு ஓட என்னால் ஆகாது. நாலு ஏஏ பேட்டரி, ரீசார்ஜ் செய்கிற வகை. அல்கலைன் போட்டால் போகப்போக அடுத்த வெளிச்சத்துக்குக் காத்திருக்க வேண்டிவரும், அதற்குள் கை வாய்க்குப் போய்விடும். ஃபிலிம் காலத்து ஃபிளாஷ் ஒன்றை ஒருவர் சும்மாவே தருவதாகச் சொன்னார். அவற்றில் சிலவற்றில், கேமராவில் செருகுகிற கால் முனையில் 200 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், இன்றைய கேமராவைக் கெடுத்துவிடலாம். வேண்டாம் என்றேன்.

அந்த முன்மினுக்கைப் பற்றிப் படித்தபோதுதான் இன்னொன்று புரிந்தது. இமை வேகமாக அசைகிறவர்கள் அந்த முதல் மினுக்குக்கே கண்ணை மூட ஆரம்பித்துவிடுவார்கள், நிஜப் படம் எடுக்கும்போது பாதி மூடிய கண்தான் கிடைக்கும். அம்மா இந்த ரகம். அதற்கு வழி இருக்கிறது. ஃபிளாஷ் அளவை முன்கூட்டியே பூட்டிவிட்டு ஒரு மூச்சு விட்டு எடுக்கலாம், அல்லது மேனுவலில் போடலாம், முன்மினுக்கே வராது. ஃபிளாஷ் அம்மாவுக்கு ஆகாமல் இல்லை, அக்கா. நாம் சரியாகப் போடவில்லை.

நேற்று ராத்திரி பாப்பாவை அந்த நாற்காலியில் உட்காரவைத்தேன். அப்பர்ச்சர் 5.6, ஷட்டர் 1/125 நொடி, ஐ.எஸ்.ஓ. 400, ஃபிளாஷின் தலை கூரையைப் பார்த்து. பின்னால் நிழலே இல்லை. நேர் மேலிருந்து விழுந்ததால் கண் மட்டும் குழியாக இருந்தது. ஃபிளாஷின் தலைக்குள்ளிருக்கும் வெள்ளை அட்டையை வெளியே இழுத்துவிட்டேன், இரண்டு கண்ணிலும் ஒரு பொட்டு வெளிச்சம் வந்துவிட்டது. உன் "இருக்கிற வெளிச்சம்" கட்சிக்கும் இதில் இடமுண்டு. ஷட்டரை 1/40-க்கு இறக்கி ஐ.எஸ்.ஓ.-வை ஏற்றினால் ஹால் விளக்கின் மஞ்சளும் பின்னணியில் மெல்ல வருகிறது. நீ பக்கத்தில் இருந்திருந்தால் இதற்கும் ஏதாவது குறை சொல்லியிருப்பாய், நான் எரிச்சல்பட்டிருப்பேன், இரண்டு பேரும் சேர்ந்து சரி செய்திருப்போம். நாற்காலியின் முதுகில் அம்மாவின் தலை பட்டுப்பட்டுத் தேய்ந்த இடம்கூடத் தெளிவாக விழுந்திருக்கிறது.

அந்தப் படத்தை இன்றிரவு உனக்கு அனுப்புகிறேன், அந்தச் சிரிக்கிற படத்தை. ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மங்கலைத் தெளிவாக்குகிற மென்பொருள் எதிலும் அதைப் போடாதே. நான் ஒருமுறை போட்டுப் பார்த்தேன். முகம் கண்ணாடி மாதிரி தெளிந்து வந்தது. பல் வரிசை முழுசாக இருந்தது, ஒன்றுகூடக் குறையாமல். உடனே மூடிவிட்டேன்.

கம்ப்யூட்டரில் திறக்காதே, ஃபோனிலேயே பார். விரலால் இழுத்துப் பெரிதாக்காதே. சின்னதாகப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறாள்.

தம்பி