கடைக்காரர்களைக் கேளுங்கள், அளந்து தருகிறோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பருவமழைக் காலத்தில் உங்கள் நாளிதழில் வரும் மழை அளவுப் பட்டியலை ஒரு நாளும் விடாமல் பார்ப்பவன் நான். ஸ்ரீவைகுண்டம் இருக்கும், திருச்செந்தூர் இருக்கும், காயல்பட்டினம் இருக்கும். ஏரலுக்குப் பக்கத்தில் தாமிரபரணிக் கரையோரம் உள்ள எங்கள் ஊர் இருக்காது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஊருக்கு ஊர் ஆள் போட்டு அளக்க அரசாங்கத்தால் முடியாது. ஆனால் ஊருக்கு ஊர் கடை இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

இருபத்திரண்டு வருடமாக உரமும் பூச்சிமருந்தும் விற்கிறேன். 2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை பெய்த மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். மறுநாள் காலை வரையான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62 என்று அப்புறம் படித்தோம். செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நின்றுபோனது அந்த இரவில்தான். என் கடைக்குள் இடுப்பளவு தண்ணீர். யூரியா முழுக்கக் கரைந்து சாக்கு மட்டும் மிதந்தது.

தண்ணீர் வடிந்த பிறகு எல்லோரும் கேட்ட கேள்வி, நம்ம ஊரில் எவ்வளவு பெய்தது என்பது. பதில் சொல்ல ஆளில்லை. என் கடை வாசலில் ஒரு பிளாஸ்டிக் டிரம் கிடந்தது. அது நிரம்பி வழிந்ததைப் பார்த்தவர்கள் உண்டு. ஆனால் எப்போது நிரம்பியது, வழிந்தது எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? ஒரு தலைமுறைக்கு ஒரு முறை பெய்கிற மழை எங்கள் தலையில் பெய்தது. அதற்கு எங்கள் ஊர்க் கணக்கு என்று ஒன்று இல்லை. நட்டத்தைவிட இது எனக்குப் பெரிய உறுத்தலாக இருந்தது.

2024 ஏப்ரலில் புதுக்கணக்கு நோட்டு போடும்போது கடைசிப் பக்கங்களை மழைக்கு என்று ஒதுக்கினேன். வாய்ப்பரப்பு 200 சதுர செ.மீ. உள்ள புனலும் கீழே தண்ணீர் சேரும் குடுவையும் வாங்கினேன். கணக்கு எளிது. 20 மில்லி தண்ணீர் சேர்ந்தால் 1 மி.மீ. மழை. முதலில் மொட்டைமாடியில் வைத்தேன். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். அவர் வந்து பார்த்துவிட்டு, மாடியில் காற்று மழையைத் தள்ளிக்கொண்டு போய்விடும், அளவு குறைவாகத்தான் காட்டும், தரையில் வையுங்கள் என்றார். பக்கத்தில் உள்ள சுவரோ மரமோ எவ்வளவு உயரமோ, அதைப் போல இரண்டு மடங்கு தூரம் தள்ளி இருக்க வேண்டுமாம். கடைக்குப் பின்னால் மூட்டை இறக்கும் காலியிடத்தின் நடுவில் கம்பி வேலி கட்டி வைத்திருக்கிறோம்.

தினமும் எட்டு மணிக்கு ஷட்டரைத் தூக்கி, வாசல் தெளித்து, சாம்பிராணி போட்டு முடிக்க எட்டரை ஆகிவிடும். வானிலைத் துறை மழைக் கணக்கை முடிக்கும் நேரமும் அதுதான். குடுவையில் உள்ள தண்ணீரை அளவு ஜாடியில் ஊற்றி, சமதளத்தில் வைத்து, குனிந்து கண்ணுக்கு நேராகப் பார்க்க வேண்டும். தண்ணீர் கண்ணாடியோரம் சற்று ஏறி நிற்கும். நடுவில் குழிந்திருக்கும் மட்டத்தைத்தான் படிக்க வேண்டும். கடையில் வேலை பார்க்கும் தம்பி என்னைவிடச் சுத்தமாகப் படிப்பான். சில நாள் புனலுக்குள் வேப்பிலை கிடக்கும், எறும்பு கூடு கட்டியிருக்கும். எடுத்துத் துடைக்க வேண்டும். அரசு இப்போது தானியங்கி மழைமானிகளை வைத்து வருகிறது. நல்ல காரியம். ஆனால் அதன் புனலில் இலை அடைத்தாலும் பக்கத்தில் தினமும் எட்டிப் பார்க்க ஓர் ஆள் வேண்டும்.

மழை இல்லாத நாளில் சுழி போட வேண்டும். இதுதான் கஷ்டமான பாகம். வைகாசி, ஆனி, ஆடி என்று வரிசையாகச் சுழியாகவே போய்க்கொண்டிருக்கும். ஆர்வத்தில் தொடங்குகிற பலரும் இங்கேதான் விட்டுவிடுகிறார்கள். கடைக்காரனுக்கு இது பழக்கம். வியாபாரமே நடக்காத நாளிலும் சிட்டையில் தேதி போட்டு, வரவு இல்லை என்று எழுதித்தான் கடையைச் சாத்துவோம்.

இப்போது விவசாயிகள் கடைக்கு வந்ததும், “அண்ணாச்சி, நேத்து எவ்வளவு?” என்று கேட்கிறார்கள். முன்பு ஓர் உழவு மழை, இரண்டு உழவு மழை என்பார்கள். அதுவும் நல்ல அளவுதான், மண்ணில் எவ்வளவு ஆழம் ஈரம் இறங்கியது என்று சொல்லிவிடும். ஆனால் போன வருடத்தோடு ஒப்பிட நோட்டு வேண்டும். எங்களைப் பார்த்து ஓர் அரிசி ஆலை, இரண்டு டீக்கடை, ஒரு செங்கல் சூளை, ஒரு சைக்கிள் கடை என்று ஐந்து பேர் சேர்ந்திருக்கிறார்கள். காலையில் வாட்ஸ்அப்பில் போட்டுவிடுவோம். ஒரு நாள் என் கடையில் 42 மி.மீ. இருந்தது. நாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் அரிசி ஆலையில் 9. இரண்டு ஊருக்கும் பட்டியலில் உள்ள ஒரே நிலையத்தின் கணக்குதான். ஒரு வயலில் யூரியா அடித்துப் போயிருக்கும், இன்னொரு வயலில் நின்றிருக்கும். இதை எந்தப் பட்டியலில் தேடுவது?

குடிமக்கள் அறிவியல், அதாவது பொதுமக்களே பார்த்து, எண்ணி ஆய்வுக்குத் தகவல் சேர்ப்பது, என்று அடிக்கடி படிக்கிறேன். பொங்கல் நாட்களில் பறவைகளை எண்ணுகிறார்கள், மரங்கள் பூப்பதைக் குறிக்கிறார்கள். சந்தோஷமான விஷயம். ஆனால் அழைப்பு பெரும்பாலும் பள்ளிக்கும் கல்லூரிக்கும்தான் போகிறது. வடகிழக்குப் பருவமழையின் கடைசி மாதமான டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு வரும், பிறகு விடுமுறை. பள்ளியில் வைத்த மழைமானியை அந்த நாட்களில் யார் பார்ப்பது? கடை அப்போதும் திறந்திருக்கும்.

வியாபாரம் செய்கிறவர்கள் அளந்து கொடுப்பது புதிதும் இல்லை. மலையில் உள்ள தேயிலைத் தோட்டங்களில் தினமும் மழையைப் பதிவு செய்வது பழைய வழக்கம். வணிகக் கப்பல்கள் கடலில் காற்றையும் அழுத்தத்தையும் குறித்துக் கொடுக்கும் முறைக்கு 1853இல் பிரஸ்ஸல்ஸில் கூடிய மாநாட்டிலேயே பல நாடுகள் பேசி வழி செய்தன. இன்றும் அது நடக்கிறது. அமெரிக்காவில் கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸ் நகரில் 1997 ஜூலையில் ஒரு பக்கம் ஓர் அடிக்கு மேல் மழை கொட்ட, மற்றப் பக்கம் சாதாரண மழைதான். உயிர்ச்சேதமும் ஆனது. மறுவருடமே அங்கே பொதுமக்களைச் சேர்த்து மழை அளக்கும் அமைப்பைத் தொடங்கிவிட்டார்கள். பக்கத்திலேயே, கேரளத்தின் மீனச்சில் ஆற்றுக் கரையில் சாதாரண மக்கள் மழையையும் ஆற்று மட்டத்தையும் அளந்து ஒருவருக்கொருவர் தகவல் கொடுக்கிறார்கள். தாமிரபரணிக்கு அப்படி ஒன்று வேண்டாமா?

மழையோடு முடிவதும் இல்லை. ஊருக்குள் புதுப் பூச்சி வந்தால் முதலில் வந்து சேரும் இடம் என்னைப் போன்றவர்களின் கல்லாப்பெட்டிதான். 2018இல் மக்காச்சோளத்தில் படைப்புழு வந்தபோது விளாத்திகுளத்தில் கடை வைத்திருக்கும் என் மைத்துனரிடம் குருத்தைக் கிழித்து, புழுவோடு கேரிபேக்கில் கட்டிக் கொண்டுவந்தார்கள். தலையில் தலைகீழான ஒய் எழுத்து போல ஒரு கோடு, வால்பக்கம் சதுரமாக நாலு கறுப்புப் புள்ளி. இப்போது சின்னப் பையன்கூட அடையாளம் சொல்வான். அன்று அவருக்குத் தெரியவில்லை, வழக்கமான மருந்தையே கொடுத்து அனுப்பியிருக்கிறார். எந்த ஊரிலிருந்து என்றைக்கு முதல் புழு வந்தது என்று மாவட்டத்துக் கடைகளெல்லாம் ஒரு போட்டோவும் தேதியும் மட்டும் அனுப்பியிருந்தால், அது எந்தத் திசையில் நகர்கிறது என்று பூச்சியியல் படித்தவர்களுக்கு அன்றே தெரிந்திருக்கும். மருந்து விற்கிறவன் பூச்சி வந்துவிட்டது என்று சொன்னால் நம்பலாமா என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதனால்தான் போட்டோ வேண்டும் என்கிறேன். சரிபார்க்கும் வேலை வேளாண் கல்லூரியுடையது.

போர்வெல் போடும் ரிக் வண்டிக்காரர்களையும் நினைத்துப் பாருங்கள். எந்த ஊரில் எத்தனை அடியில் பாறை, எத்தனை அடியில் தண்ணீர் என்று அவர்கள் வாயில் இருக்கிறது. பில் கிழிந்ததும் அந்தக் கணக்கும் போய்விடுகிறது.

எங்களை அழைக்கிற விதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூன்று வருடம் முன்பு ஒரு குழு வந்தது. முழுக்க ஆங்கிலத்தில் ஒரு செயலி, நாற்பது கேள்வி, அதில் மாத விற்பனை எவ்வளவு என்றும் ஒன்று. அதைப் பார்த்ததும் பக்கத்துக் கடைக்காரர்கள் வரி விஷயமோ என்று பயந்து கதவைச் சாத்திக்கொண்டார்கள். நான் நிரப்பிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை வரவில்லை. கொடுத்த தகவல் எங்கே போனது, என்ன தெரிந்தது, ஒன்றும் தெரியாது. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். தினமும் இரண்டு நிமிடத்துக்கு மேல் கேட்காதீர்கள், தமிழில் கேளுங்கள், வியாபாரக் கணக்கைத் தொடாதீர்கள். வருடத்துக்கு ஒரு முறை, எங்கள் அளவுகளை வைத்து என்ன கண்டீர்கள் என்று ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்தால் போதும். சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வைப்போம். காசு யாரும் கேட்கவில்லை.

மாவட்ட நிர்வாகமும் வானிலைத் துறையும் ஒவ்வோர் ஊர் வணிகர் சங்கத்தையும் கூப்பிட்டு, ஒரே மாதிரி மழைமானி கொடுத்து, ஒரு நாள் படிக்கச் சொல்லிக் கொடுத்தால் இந்த ஐப்பசிக்குள் தொடங்கிவிடலாம். எங்கள் ஆறு கடைகளின் நோட்டும் தயாராக இருக்கிறது. என் நோட்டில் ஆறு நாள் விடுபட்டிருக்கிறது. அம்மா தவறிய வாரம் அது. அந்த நாட்களுக்குச் சுழி போடவில்லை, கோடு இழுத்து ‘அளக்கவில்லை’ என்று எழுதியிருக்கிறேன். எந்தத் துறை கேட்டாலும், எந்தக் கல்லூரி கேட்டாலும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் உரக்கடைக்காரர்,
ஏரல் வட்டம், தூத்துக்குடி மாவட்டம்