ஸ்கேட்டிங் வகுப்பில் வேகப் பந்தயம் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கத்துப் பள்ளிகளில் சனி, ஞாயிறுகளில் ஸ்கேட்டிங் வகுப்பு நடக்கிறது. எல்லை தாண்டிக் கோவைக்கும், இந்தப் பக்கம் பாலக்காட்டுக்கும் பிள்ளைகள் போட்டிக்குப் போய் வருகிறார்கள். ஆனால் சொல்லித்தருவது பெரும்பாலும் வேகப் பந்தயம் ஒன்றைத்தான். முதல் மூன்று பேருக்குப் பதக்கம் கிடைக்கிறது. மற்றவர்கள் பத்தாம் வகுப்பு வந்ததும் ஸ்கேட்டைப் பரணில் போட்டுவிடுகிறார்கள். கூட்டாகச் சறுக்கும் பிரிவு ஒன்று இருப்பதே பல பெற்றோருக்குத் தெரியாது. அதில் என்ன சாதிக்கலாம் என்பதற்குப் பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரைவிட நல்ல உதாரணம் இல்லை.

ஐஸ் தளத்தில் 16 பேர் ஒருவரை ஒருவர் பிடித்தபடி, ஒரே இசைக்கு, வட்டம், வரிசை, சக்கரம் என்று உருவம் மாறி மாறிச் சறுக்குவதுதான் சின்க்ரனைஸ்டு ஸ்கேட்டிங். அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரில் 1956-ல் ரிச்சர்ட் போர்ட்டர் அமைத்த ஹாக்கெட்ஸ் அணியில் இருந்து இது வளர்ந்தது. முதல் உலக சாம்பியன்ஷிப் 2000-ல் மினியாபொலிஸில் நடந்தது. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் தங்கம் சுவீடனின் டீம் சர்ப்ரைஸ் அணிக்கு. 2002-ல் ஹெல்சிங்கியின் மேரிகோல்டு ஐஸ்யூனிட்டி அதைப் பறித்தது. அதன் பிறகு நடந்தது விளையாட்டு வரலாற்றில் அபூர்வம்: 2003 சுவீடன், 2004 மேரிகோல்டு, 2005 சுவீடன், 2006 மேரிகோல்டு, 2007 சுவீடன் என்று இரண்டே அணிகள் பட்டத்தை மாற்றி மாற்றி வைத்திருந்தன. 2008-ல் அந்தச் சங்கிலியை அறுத்தது ராக்கெட்ஸ். அதுவும் ஹெல்சிங்கி அணிதான்! ராக்கெட்ஸ் 2010, 2011 ஆண்டுகளிலும் வென்றது. 2013-ல் பாஸ்டனில் டீம் யூனிக் வென்றது, அதுவும் அதே ஊர். மேரிகோல்டு 2014-ல் மீண்டும் வந்தது. 2018-ல் சுவீடனின் தலைநகரான ஸ்டாக்ஹோமிலேயே ஐந்தாவது பட்டத்தையும் எடுத்தது. 2000 முதல் 2019 வரை நடந்த 20 உலகப் போட்டிகளில் 9 பட்டம் பின்லாந்துக்கு, 6 சுவீடனுக்கு. மீதி 5-ஐ ரஷ்யாவும் கனடாவும் பங்கிட்டுக்கொண்டன.

பனி கொட்டும் நாடு, ஜெயிக்காமல் என்ன செய்யும் என்று சிலர் கேட்பார்கள். அப்படியானால் தனிநபர் பிரிவிலும் அவர்கள் குவித்திருக்க வேண்டும். பெண்கள் தனிநபர் பிரிவில் பின்லாந்துக்கு முதல் உலகப் பதக்கமே 2010-ல்தான் வந்தது. லவுரா லெபிஸ்டோ வாங்கிய வெண்கலம் அது. அதற்குள் அவர்களின் கூட்டு அணிகள் நான்கு உலகத் தங்கம் வாங்கி முடித்திருந்தன.

எங்கள் கணிப்பில் உண்மையான காரணம் வேறு. உலக சாம்பியன்ஷிப்புக்கு ஒரு நாடு அதிகபட்சம் இரண்டு அணிகளைத்தான் அனுப்பலாம். ஹெல்சிங்கியிலோ பட்டம் வெல்லத் தகுந்த அணிகள் மூன்று. ஒவ்வோர் ஆண்டும் ஒன்று வீட்டில் உட்கார வேண்டும். ஆகவே உலகப் போட்டியைவிட உள்ளூர்த் தேர்வே கடினம். அந்த நெருக்கடியில் யாரும் சென்ற ஆண்டின் நிகழ்ச்சியை அப்படியே கொண்டுவந்து ஒப்பேற்ற முடியாது. கீழே ஜூனியர், அதற்கும் கீழே சிறுவர் என்று வயதுவாரியாக அணிகள் இருப்பதால், மூத்தவர் ஒருவர் விலகினால் அந்த இடத்துக்கு வர ஆள் தயாராக இருக்கிறார்.

அவர்கள் செய்வதில் எது கஷ்டம் என்பதைச் சக்கரத்தை வைத்துச் சொல்லலாம். 16 பேரும் நடுவில் இருந்து இரண்டு ஆரங்களாக, ஆரத்துக்கு 8 பேராக, தோளைப் பிடித்து நின்று சுழல்வது அது. இருவருக்கு இடையே 70 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், உள்ளே முதல் ஆள் மையத்தில் இருந்து 35 செ.மீ. தூரத்தில், கடைசி ஆள் 5 மீட்டர் 25 செ.மீ. தூரத்தில். ஒரு சுற்றுக்கு உள்ளே இருப்பவர் 2.2 மீட்டர் நகர்ந்தால் போதும். வெளியே இருப்பவர் 33 மீட்டர் போக வேண்டும். 6 விநாடியில் ஒரு சுற்று என்றால் வெளி ஆளின் வேகம் மணிக்கு 20 கி.மீ. பக்கம் வந்துவிடும். ஆரம் வளைந்துபோவது இதனால்தான். வெளி ஆள் பின்தங்கினால் ஆரம் வில்லாக வளையும். அவரை நடுவில் இருப்பவர்கள் கையால் இழுத்தால் பிடி அறுந்து மூன்று பேர் சேர்ந்து விழுவார்கள். மிக வேகமான பிள்ளையை வெளி முனையிலும், பதற்றப்படாத பிள்ளையை மையத்திலும் நிறுத்துங்கள். கை இறுக்கமாக இருக்கலாம், இழுக்கக் கூடாது. ஒவ்வொருவரும் பக்கத்து ஆளைப் பார்க்காமல் எதிர் ஆரத்தில் தன் இடத்தில் இருப்பவரைப் பார்த்துச் சுற்றினால் இரண்டு ஆரமும் ஒரே கோட்டில் நிற்கும்.

அதைவிட ஆபத்தானது இன்டர்செக்‌ஷன். எட்டு எட்டுப் பேராக இரண்டு வரிசைகள் எதிரெதிரே பாய்ந்து வந்து ஒன்றின் இடைவெளியில் மற்றொன்று நுழைந்து வெளியேறும். நம் ஊர் பின்னல் கோலாட்டத்தில் கயிறு பின்னுவதற்கு ஆட்கள் ஊடே நுழைவதைப் போலத்தான், ஆனால் இங்கே ஓட்டம் முழு வேகத்தில். கடக்கும் கணத்தில் உடலைப் பக்கவாட்டில் திருப்பி, முதுகும் முதுகும் உரசாத அளவில் நழுவ வேண்டும். பிள்ளைகள் எதிரே வருபவரின் முகத்தைப் பார்த்ததும் பயத்தில் வேகத்தைக் குறைப்பார்கள். ஒருவர் குறைத்தால் வரிசை உடைகிறது, பக்கத்து இடைவெளி மூடுகிறது, மோதல் அங்கேதான். ஒருவர் விழுந்தால் 1 புள்ளி கழிப்பார்கள். அந்த உருவத்தின் தர மதிப்பெண்ணும் கூடவே போகும்.

ஐஸ் இல்லாத ஊரில் இதெல்லாம் எதற்கு என்று கேட்க வேண்டாம். சக்கர ஸ்கேட்டிங் உலகப் போட்டிகளிலும் பிரெசிஷன் என்ற பெயரில் இதே பிரிவு இருக்கிறது. 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலமுள்ள சிமென்ட் தளம் இருந்தால் தொடங்கலாம். 16 பேர் திரள வேண்டும் என்று காத்திருக்க வேண்டாம், 8 பேர் போதும். ஸ்கேட் இல்லாமல் செருப்புக் காலோடு நடந்து பழகுவதே முதல் பாடம். சாக்கட்டியால் நடுக்கோடும் குறுக்குக்கோடும் போட்டு, எட்டு எண்ணிக்கைக்கு ஒரு உருவம் என்று பத்துத் தடவை நடக்க விடுங்கள். அதன்பின் கைகோத்து வட்டம், பிறகு வரிசை. தோள்பிடி அதற்குப் பிறகுதான். இன்டர்செக்‌ஷனை முதல் ஆண்டில் தொடவே வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து.

சக்கரங்கள் ஒரே வரிசையில் இருக்கும் இன்லைன் வேண்டாம், முன்னால் இரண்டும் பின்னால் இரண்டுமாகச் சக்கரம் உள்ள குவாட் ஸ்கேட்டே வாங்குங்கள். நின்ற இடத்தில் திரும்ப அதுதான் வசதி. சொரசொரப்பான சிமென்ட்டுக்கு 85ஏ அளவில் (சக்கரத்தின் கடினத்தைக் குறிக்கும் எண் இது) சற்று மென்மையான சக்கரம் ஏற்றது. வழவழப்பான உள்ளரங்கத்துக்கு 92ஏ-க்கு மேல் கடினமானது வேண்டும். அணி முழுவதும் ஒரே கடினத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒரே அளவு உந்தியும் ஒருவர் அதிகம் ஓடிவிடுவார். ஒரு ஜோடி குவாட்டில் 8 சக்கரம், 16 பேரிங். 16 பேர் அணிக்கு 256 பேரிங். அதில் ஒன்று பிடித்துக்கொண்டாலும் அந்தப் பிள்ளை அரை அடி பின்தங்கும், பயிற்சியாளர் பாவம் பிள்ளையைத் திட்டுவார். பயிற்சிக்கு முன் ஸ்கேட்டைத் தலைகீழாகப் பிடித்து ஒவ்வொரு சக்கரத்தையும் விரலால் சுழற்றிப் பாருங்கள். கரகரவென்று சத்தம் வந்தால் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள்.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் மாதங்களில் தளத்தில் மணல் படியும். பெருக்காமல் இறங்கினால் ஒரு சிறு கல் போதும், சக்கரம் அடைத்து ஆள் முன்னால் விழுவார். தனியாக ஓடும்போது ஒருவர் விழுவார், தோள் பிடித்திருக்கும்போது பின்னால் இருப்பவர்களும் சேர்ந்து விழுவார்கள். மழைக்காலத்தில் ஈரத் தளத்தில் இதைச் செய்யவே கூடாது. ஹெல்மெட், முழங்கால், முழங்கை, மணிக்கட்டுக் கவசம் நான்கும் கட்டாயம்.

பெற்றோருக்கு ஒன்று. இந்த விளையாட்டு ஒலிம்பிக்கில் இல்லை, 2026 மிலான் போட்டியிலும் இடம் கிடைக்கவில்லை. அதனால் மதிப்புக் குறைவு என்று நினைக்க வேண்டாம். வேகப் பந்தயத்தில் பத்தாவதாக வரும் பிள்ளைக்கும் இங்கே மற்ற எல்லோருக்கும் சமமான இடம் உண்டு. அவர் ஒரு நாள் வராவிட்டால் அன்று சக்கரத்தில் ஓர் ஆரம் குட்டையாகிவிடும்.

பள்ளி நிர்வாகங்கள் ஆண்டு விழாவிலாவது 8 பேர் கொண்ட அணிக்கு 3 நிமிடம் ஒதுக்கட்டும். பக்கத்துப் பள்ளிகள் இரண்டு மூன்று அணி வைத்தால் போட்டி தானாக வரும். தங்கள் நாளிதழும் ஆண்டுதோறும் மார்ச், ஏப்ரல் வாக்கில் நடக்கும் உலக சாம்பியன்ஷிப் முடிவுகளை விளையாட்டுப் பக்கத்தில் நான்கு வரியாவது படத்தோடு வெளியிட வேண்டுகிறோம். தாளில் படம் வந்தால் அதைக் கத்தரித்து வகுப்புச் சுவரில் ஒட்டுவோம்.

இப்படிக்கு,
ஸ்கேட்டிங் பயிற்சியாளர்கள் சிலர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.