செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, செயலவையினரே, சுங்கை சிப்புட் வட்டார உறுப்பினர்களே, வணக்கம்.

இந்த ஆண்டு செயலவை ஆறு முறை கூடியது. பொங்கல், மாணவர்களுக்குப் புத்தகப்பை, தீபாவளி அன்பளிப்பு எல்லாம் வழக்கம்போல் நடந்தன. கணக்கைப் பொருளாளர் படிப்பார். நான் மாற்றுத் திறனாளிகளுக்கான பார்க்கிங் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும்.

மார்ச் மாதம் நம் மூத்த உறுப்பினர் ஒருவரை கிளினிக்குக் கூட்டிப் போயிருந்தேன். தோட்டத்தில் ரப்பர் மரம் சீவியவர். இனிப்புநீர் நோயால் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். சக்கர நாற்காலிப் படம் போட்ட இடம் காலியாகத்தான் இருந்தது. பக்கத்தில் கோடு போட்டிருந்த இடத்தில் மூன்று மோட்டார் சைக்கிள்கள். கதவு ஒரு சாண்தான் திறந்தது. அப்புறம் சாலையோரத்தில், மழையில், என் தோளைப் பிடித்து இறங்கினார். ஊன்றுகோல் வழுக்கியது. "பரவாயில்லை தம்பி" என்றார். எனக்கு மனசு ஆறவில்லை. கதவை முழுதாகத் திறந்து நாற்காலியை இறக்கத்தானே அந்தக் கோடு!

மலேசியாவின் 2008-ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் சட்டம் பொது வசதிகளைப் பயன்படுத்தும் உரிமையைத் தருகிறது. ஆனால் அது வந்தபோது மீறுபவருக்கு அதில் தண்டனை வைக்கவில்லை. அதனால் நகராண்மைக் கழகத்துக்குத்தான் கடிதம் எழுதினோம். கோடு புதிதாக அடித்தார்கள், சரி. மோட்டார் சைக்கிளைத் தடுக்கும் கம்பி இன்னும் வரவில்லை.

உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடையில் விற்கும் ஸ்டிக்கரை ஒட்டினால் உரிமை வந்துவிடாது. ஓகேயு அட்டைதான், அதாவது சமூக நல இலாகா தரும் மாற்றுத் திறனாளி அட்டைதான் ஆதாரம். மருத்துவர் உறுதிசெய்த விண்ணப்பப் பாரம், அடையாள அட்டை நகல், படம் ஆகியவற்றோடு மாவட்டச் சமூக நல அலுவலகத்துக்குப் போங்கள். தனியாகப் போகத் தயங்குபவர்களோடு நான் வருகிறேன். அட்டைக்காரர் வண்டியில் இல்லாதபோது பிள்ளைகள் அந்த இடத்தில் நிறுத்துவது நியாயமில்லை. அதேபோல், நடந்து இறங்குபவரைப் பார்த்ததும் பொய்க்காரர் என்று முடிவு கட்டாதீர்கள். எல்லாக் குறையும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

நம் மண்டபத்திலும் குறை உண்டு. வாசலை ஒட்டிய இரண்டு இடங்களுக்குத் தைப்பூசத்துக்குள் நாமே பெயின்ட் அடித்து, பக்கத்தில் கோடும் போட செயலவை முடிவு செய்துள்ளது. வாசற்படிக்குச் சாய்தளம் கட்ட இன்று உங்கள் ஒப்புதலைக் கேட்கிறேன். அந்தப் பெரியவர் போன பொதுக்கூட்டத்துக்கு வராததற்கு அந்த ஒரு படிதான் காரணம்.

இப்படிக்கு,
செயலாளர்