மூக்கிக்குத் துக்கம் இல்லையாம்

அன்புள்ள கல்யாணி,

மூன்று மாதமாகப் பதில் எழுதாததற்குத் திட்டுவதானால் திட்டிக்கொள், ஆனால் முதலில் ஒன்று செய். நாய்க்கு வாங்கின சொட்டு மருந்து மிச்சம் இருக்கிறது, அதையே உன் பூனை பட்டுவுக்கும் போடப்போகிறேன் என்று எழுதியிருந்தாயே, அதை எடுத்துப் பூட்டி வை. காலையிலிருந்து நாலு தடவை போன் அடித்துவிட்டேன், நீ எடுத்தால்தானே! காரணம் கீழே சொல்கிறேன்.

இங்கே எல்லோரும் நலம். இவர் முழங்கால் அப்படியேதான். சின்னவள் வேலைக்குப் போய் ஐந்து மாதம் ஆகிறது, வீடு வெறிச்சென்று கிடக்கிறது.

அவள் கிளம்பின கொஞ்ச நாளில் ஒருநாள் எங்கள் பூனை மூக்கி மல்லாந்து படுத்திருந்தது. பார்க்கிறேன், வயிற்றில் முடியே இல்லை! தொடை உள்பக்கம்வரை மழித்துவிட்ட மாதிரி வழவழவென்று இருக்கிறது, புண்ணும் இல்லை ஒன்றும் இல்லை. அது நக்கி நான் பார்த்ததும் கிடையாது. பாவம், அவளை நினைத்து ஏங்கித்தான் முடி கொட்டுகிறது என்று நானே முடிவுகட்டி, அதை அவளிடம் போனில் சொல்லி அவளையும் அழவைத்தேன்.

கால்நடை மருத்துவர் சின்னப்பெண். என் சோகக்கதையை முழுசாகக் கேட்டுவிட்டு, நாலு முடியைப் பிடுங்கி நுண்ணோக்கியில் வைத்து என்னையும் பார்க்கச் சொன்னாள். தானாக உதிர்கிற முடிக்கு நுனி ஊசிபோல் இருக்குமாம், இது தேய்ந்த துடைப்பக்குச்சி மாதிரி முறிந்து கிடந்தது. நக்கி நக்கியே முறித்திருக்கிறது, அதுவும் நாம் பார்க்காத நேரமாகப் பார்த்து, திருட்டு முண்டம். அப்புறம் நெருக்கமான பல் உள்ள சீப்பால் வால் அடியில் வாரி, விழுந்த கருப்புத் தூளை ஈரமான வெள்ளைத் தாளில் தட்டினாள். மண் என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் செம்பழுப்பாகக் கசிந்தது. தெள்ளுப்பூச்சியின் எச்சம்! அதாவது மூக்கியின் ரத்தம்தான், பூச்சி தின்று கழித்தது.

என் வீட்டில் தெள்ளா என்று எனக்கு வந்ததே கோபம். ஒரு பூச்சிகூடக் கண்ணில் படவில்லையே என்று வாதாடினேன். நக்கும்போதே விழுங்கிவிடும், எப்படிப் படும் என்கிறாள். பூச்சியின் எச்சிலுக்கு ஒவ்வாமை இருந்தால் ஒன்றிரண்டு கடியே போதுமாம். முதுகைத் தடவிப் பாருங்கள் என்றாள், தடவினால் தோல் முழுக்கத் தினை தூவினாற்போல் பொடிப்பொடியாகப் பொருக்கு. தினமும் தடவுகிற கை டி இது! கடைசியில் 2006-இல் வந்த ஓர் ஆய்வைச் சொன்னாள்: மனக்கஷ்டத்தால் நக்குகிறது என்று சந்தேகப்பட்ட 21 பூனைகளை முழுசாகச் சோதித்ததில், 16-க்கு உடம்புக் கோளாறுதான் காரணம், மனசு மட்டுமே காரணம் என்று தேறியது இரண்டே இரண்டு. துக்கம் எனக்குத்தான், அதைக் கொண்டுபோய்ப் பூனை தலையில் கட்டியிருக்கிறேன்.

மருந்து மாதம் ஒரு தடவை பிடரியில் சொட்டுகிறேன், அது சுலபம். வீடுதான் பெரிய பாடு. வளர்ந்த பூச்சி நூற்றுக்கு ஐந்துதானாம், மீதியெல்லாம் முட்டையும் புழுவும் கூடுமாகச் சோபா, விரிப்பு, தரை இடுக்கில் கிடக்கும், கூட்டுக்குள் இருப்பது மாதக்கணக்கில் காத்திருந்து வெளியே வரும். படுக்கைத்துணியெல்லாம் வெந்நீரில் துவைத்து, சோபாவை நகர்த்திப் பெருக்கினால் உன் பச்சைக்கல் தோடு கிடைக்கிறது! நான் எடுத்தேன் என்றுதானே ஊரெல்லாம் சொன்னாய்? நேரில் வந்து மன்னிப்புக் கேட்டால் தருகிறேன்.

சரி, உன் விஷயம். நாய்க்குப் போடுகிற தெள்ளு மருந்து நிறையவற்றில் பெர்மெத்ரின் என்று ஒரு பூச்சிக்கொல்லி இருக்கும். நாய் தாங்கும், பூனையின் கல்லீரலால் அதை முறித்து வெளியேற்ற முடியாது. நடுக்கம் வரும், வலிப்பு வரும், செத்தும் போகும். நாய்க்குப் போட்ட அன்றைக்குப் பட்டு அதோடு ஒட்டிப் படுத்தால்கூட ஆபத்து. ஏற்கெனவே போட்டுவிட்டாய் என்றால் நடுக்கம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு இருக்காதே, உடனே தூக்கிக்கொண்டு ஓடு. யாரோ சொன்னார்கள் என்று டீ ட்ரீ எண்ணெயையும் தடவிவிடாதே, அதுவும் விஷம்தான்.

இன்னொன்று. நீ அனுப்பின படத்தில் காதோரம் வட்டமாக முடி போய்ப் பொருக்குத் தட்டியிருக்கிறதே, அது எனக்குத் தெள்ளு மாதிரித் தெரியவில்லை. படர்தாமரையாக இருக்கலாம், அது பூனையிடமிருந்து நமக்கும் ஒட்டும். பேரன் கையில் ஏதோ வட்டம், வேர்க்குரு என்று போகிறபோக்கில் எழுதியிருந்தாயே கல்யாணி, அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. பூனையையும் காட்டு, அவனையும் காட்டு. புற ஊதா விளக்கில் பச்சையாக ஒளிர்ந்தால் சந்தேகம் வலுக்கும், ஒளிரவில்லை என்றால் நோய் இல்லை என்று வந்துவிடாதே. முடியில் பூஞ்சை வளர்கிறதா என்று பார்க்கிற வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பச் சொல், முடிவு வர இரண்டு மூன்று வாரம் ஆகும். அதுவரை பட்டு அவன் படுக்கையில் ஏறக்கூடாது.

மூக்கி வயிற்றில் இப்போது பீச் பழத்துப் பூனைமயிர் மாதிரி லேசாக முளைத்திருக்கிறது. சின்னவளுக்குப் படம் அனுப்பினேன், அப்போ அது என்னைத் தேடவே இல்லையா என்று கோபித்துக்கொண்டாள்.

இன்றிரவு மறுபடி அடிப்பேன். போனை எடு.

உன்,
ராஜி