பில்லியனுக்கு எத்தனை பூஜ்யம்?

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று இரவு நீ போனில் பேசியதிலிருந்து மனது சரியில்லை. ஜெர்மன் அறிக்கையில் '2 பில்லியோன் யூரோ' என்று இருந்ததை ஆங்கிலத்தில் '2 பில்லியன்' என்று எழுதிவிட்டாய். மேலதிகாரி எல்லோர் முன்னிலையிலும் கேட்டுவிட்டார். 2 லட்சம் கோடி யூரோ உன் கையில் 200 கோடியாகிவிட்டது. அதே சொல்லில் நானும் விழுந்து எழுந்தவள்தான்.

நான் செய்தித்தாளில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்த புதிது. டெலிபிரிண்டரில் ஒரு செய்தி வந்தது: தென் அமெரிக்க நாடு ஒன்றுக்கு 12 பில்லியன் டாலர் கடன். மேசையில் கிடந்த பழைய ஆங்கில அகராதியைப் புரட்டினேன். மில்லியன் மில்லியன் என்று பொருள் போட்டிருந்தது. விரல்விட்டுப் பூஜ்யங்களை எண்ணி, '12 லட்சம் கோடி டாலர்' என்று எழுதிக் கொடுத்தேன். மெய்ப்புப் பார்க்கும் பெரியவர் ஈரம் காயாத புரூஃபைத் தூக்கிக்கொண்டு வந்தார். தொகைக்குக் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு. "ஏம்மா, இவ்வளவு கடன் கொடுக்க உலகத்தில் யாரிடம் பணம் இருக்கிறது?" என்றார். 1,200 கோடி என்று திருத்திய பிறகுதான் பக்கம் அச்சுக்குப் போனது. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனால் அகராதியில் இருந்ததும் சரிதான். இத்தாலிய மொழியில் 'மில்லே' என்றால் ஆயிரம். அதைப் பெரிதாக்கி 'மில்லியோனே' என்றார்கள், பேராயிரம் என்பதுபோல. 1484-இல் பிரான்சின் லியோன் நகரில் நிக்கோலா ஷூக்கே என்ற கணித அறிஞர் தம் கையெழுத்து நூலில் அதற்கு மேலும் படி கட்டினார். மில்லியனை இரண்டு முறை வைத்துப் பெருக்கினால் பில்லியன், மூன்று முறை என்றால் ட்ரில்லியன். 'பி' இரண்டு, 'ட்ரி' மூன்று. பெயருக்குள்ளேயே கணக்கை வைத்த அந்த நேர்த்தி எனக்கு இன்றும் பிடிக்கும்.

பின்னாளில் பிரான்சிலேயே ஆயிரம் மில்லியனைப் பில்லியன் என்று சொல்லத் தொடங்கினார்கள். அமெரிக்கா அந்த வழக்கை எடுத்துக்கொண்டது. பிரிட்டன் பழையதை விடவில்லை. 1974 டிசம்பர் 20 அன்றுதான் பிரதமர் ஹரால்ட் வில்சன், அமைச்சர்கள் இனி ஆயிரம் மில்லியன் என்ற பொருளிலேயே இச்சொல்லைப் பயன்படுத்துவார்கள் என்று நாடாளுமன்றத்தில் எழுத்துமூலம் பதில் தந்தார். நான் புரட்டியது அதற்கு முன் அச்சான அகராதி. பிரான்ஸோ 1961-இல் பழைய கணக்குக்கே திரும்பியிருந்தது.

நீ இருக்கும் ஜெர்மனியில் இன்றும் ஷூக்கேயின் கணக்குதான். அங்கே ஆயிரம் மில்லியனுக்கு 'மில்லியார்டே' என்று தனிப்பெயர் உண்டு. ஆகவே ஜெர்மன் மில்லியார்டே வந்தால் ஆங்கிலத்தில் பில்லியன். ஜெர்மன் பில்லியோன் வந்தால் ஆங்கிலத்தில் ட்ரில்லியன். அடுத்த படியில், ஆயிரம் பில்லியோனுக்கு, 'பில்லியார்டே' என்று ஒன்று வரும், அங்கேதான் இன்னும் கவனமாக இரு.

அந்த நாளுக்குப் பிறகு நான் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். பெரிய தொகை வந்தால் முதலில் ஓரத்தில் கோடியில் எழுதிவிடுவேன். ஒன்பது பூஜ்யம் என்றால் 100 கோடி, பன்னிரண்டு என்றால் லட்சம் கோடி. நம் கோடிக்கு ஏழு பூஜ்யம் என்பதில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. நீயும் தமிழில் எண்ணிப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் எழுது. பழைய பிரிட்டிஷ் புத்தகத்திலிருந்து எடுக்கிறாய் என்றால் அச்சான ஆண்டையும் பார்த்துவிடு.

அலுவலகத்தில் புது அகராதி வாங்கியபோது பழையதை நான் கேட்டு வாங்கி வந்துவிட்டேன். முதுகு கிழிந்து நூல் தொங்குகிறது. 'பில்லியன்' இருக்கும் பக்கத்தில் அந்தப் பெரியவர் பென்சிலால் "1,200 கோடி" என்று எழுதி வட்டம் போட்டது அழியாமல் இருக்கிறது. பொங்கலுக்கு நீ வரும்போது எடுத்துக்கொண்டு போ.

அன்புடன்,
அம்மா