வாய்வழியே தரும் புற்றுநோய்த் தடுப்பு மருந்து ஆய்வு நம் மண்ணிலும் நடக்க வேண்டும்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலுக்கும் மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறைக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

ஆண்களுக்குள்ள புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் வந்தவர்களுக்குத் தரக்கூடிய தடுப்பு மருந்தை நுண்துகள்களாக்கி வாய்வழியே கொடுக்கும் முயற்சி, அமெரிக்க ஆய்வகங்களில் எலிகளிடம் கட்டியின் வளர்ச்சியைக் குறைத்திருக்கிறது. இந்த ஆய்வுக்கு இங்கும் நிதி ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இதே புற்றுநோய்க்கு 2010-ல் அமெரிக்கா ஒப்புதல் அளித்த சிபுலூசெல்-டி, நோயாளியின் ரத்த அணுக்களையே பிரித்தெடுத்து, ஆய்வகத்தில் புற்றுநோயை எதிர்க்கத் தூண்டி, மூன்று தவணைகளில் அவருக்கே திரும்பச் செலுத்தும் மருந்து. அது ஏறத்தாழ நான்கு மாத ஆயுளைக் கூட்டியது. அன்றைய விலையோ 93,000 டாலர். குளச்சலில் வலை இழுத்தவருக்கும் குலசேகரத்தில் ரப்பர் பால் வெட்டியவருக்கும் அது எட்டுமா? மேல்சிகிச்சைக்காகத் திருவனந்தபுரம் போய்வரும் செலவே எங்கள் குமரி மாவட்டத்து எளிய குடும்பங்களுக்குப் பெருஞ்சுமை.

நுண்துகள் மருந்தின் வழி வேறு. புற்றணுக்களின் புரதங்களை இரைப்பை அமிலம் சிதைக்காதபடி பாலிமர் என்னும் உறைப்பொருளுக்குள் பொதிந்து, தெளித்து உலர்த்திப் பொடியாக்குகிறார்கள். சிறுகுடல் சுவரில் பேயர் திட்டுகள் எனப்படும் நோய் எதிர்ப்புத் திசுக்களின் மேலுள்ள ‘எம்’ (M) வகை செல்கள் அத்துகள்களை உள்வாங்கி, நோய் எதிர்ப்பு அணுக்களிடம் சேர்ப்பிக்கின்றன. ஊசி வேண்டாம், ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனியே மருந்து தயாரிக்கவும் வேண்டாம் என்பதே இதில் எனக்குள்ள பெரும் நம்பிக்கை.

ஆயினும் உண்பதையெல்லாம் பகையெனக் கொள்ளாமல் பொறுத்துக்கொள்வது குடலின் இயல்பு. அதைக் கடந்து எதிர்ப்பைத் தூண்டுவது எளிதன்று. அதோடு, போலியோ சொட்டு மருந்து மேலைநாடுகளில் தந்த பலனை நம் குழந்தைகளிடம் அதே அளவில் தரவில்லை என்பதை 1970-களிலேயே வேலூரில் டாக்டர் ஜேக்கப் ஜான் கண்டறிந்தார். குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரஸுக்கான சொட்டு மருந்திலும் அத்தகைய வேறுபாடு தென்பட்டது. எனவே வேறொரு நாட்டில் முடிவான மருந்தளவை இங்கே அப்படியே இறக்குமதி செய்வது தவறாகிவிடும் என்று அஞ்சுகிறேன்.

விலங்கு ஆய்வுகளில் பாதுகாப்பு உறுதியாகி மனிதரிடம் சோதிக்கும் கட்டம் வரும்போது, ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி போன்ற மாவட்ட மருத்துவமனைகளின் நோயாளிகளும் அதில் சேர வாய்ப்பளியுங்கள். ஒப்புதல் படிவம் அவர்கள் படித்துப் புரிந்துகொள்ளும் தமிழில் இருக்கட்டும்; நடப்பிலுள்ள சிகிச்சையை இதற்காக ஒருவரும் நிறுத்த நேரக் கூடாது; போக்குவரத்துச் செலவை ஆய்வின் நிதியே ஏற்கட்டும்.

இப்படிக்கு,
நாகர்கோவிலிலிருந்து ஒரு மருந்தாளுநர்